படுத்துக்கொண்டே வளரும் கோபுரம்

முதலில் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது! நடுக்கடலில் கம்பீரமாக நிற்கிறதே எரிவாயு மேடை, அதன் கால்கள் பிறக்கும்போது பெரும்பாலும் நிற்பதே இல்லை. கரையில் படுத்தபடி பிறக்கின்றன. படுத்தபடியே வளர்கின்றன. படுத்தபடியே கடலுக்குப் பயணப்படுகின்றன. தண்ணீரில் இறங்கிய பிறகுதான் முதல்முறையாக எழுந்து நிற்கின்றன. மும்பை ஹை எண்ணெய் வயல் பகுதியில் கடலின் ஆழம் ஏறக்குறைய 75 மீட்டர். அங்கே அலைக்கு மேல் தலை தெரிய வேண்டுமென்றால் கால் இருபத்தைந்து மாடிக் கட்டடத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அத்தனை பெரிய ஒன்று கரையோர மைதானத்தில் மல்லாந்து படுத்திருக்க, சாரத்தில் ஏறி நூற்றுக்கணக்கானவர்கள் அதற்கு உருவம் கொடுத்துக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். ஜாக்கெட் என்பதுதான் அந்தக் கால்கூட்டுக்கு, அதைக் கட்டும் யார்டில் வழங்கும் பெயர்.

இந்த அதிசயம் நடக்கும் இடங்களில் ஒன்று நம் சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி, காட்டுப்பள்ளியில் இருக்கிறது. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம், இன்னொரு பக்கம் வங்கக்கடல், வடக்கே போனால் பழவேற்காடு. அங்கே எல் அண்ட் டி-யின் கப்பல் கட்டும் தளத்தை ஒட்டியே கடல் மேடைகளுக்கான ஃபேப்ரிகேஷன் யார்டும் இருக்கிறது. குஜராத்தின் ஹசீராவிலும், ஓமனின் சோஹாரிலும் அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. இப்படிப்பட்ட ஒரு யார்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், வாருங்கள்! ஹெல்மெட், கண்ணாடி, இரும்பு மூக்கு வைத்த ஷூ. மூன்றும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

தகடு உருளும் இடம்

காலையில் முதல் சத்தம் டூல் பாக்ஸ் டாக். குழுக் குழுவாக நின்று, இன்று எந்த வேலை, எங்கே கிரேன் ஓடும், யார் உயரத்தில் ஏறுவார்கள், யார் பெல்ட்டை எங்கே மாட்டுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். தமிழும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். ஆனால் 'ஃபிட்-அப்', 'ரூட்', 'கிளியர்' என்ற சொற்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது ரோலிங் ஷாப். லாரியில் வந்து இறங்கும் தடித்த எஃகுத் தகடு மூன்று நான்கு உருளைகளுக்கு நடுவே நுழைகிறது. அவசரமே இல்லாமல், சப்பாத்தி மாவைத் தள்ளுவதுபோல முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, கடைசியில் அது வட்டமாகிவிடுகிறது! இந்த உருளைத் துண்டுக்குக் 'கேன்' என்று பெயர். கேனின் விளிம்புகளைச் சேர்க்கும் வெல்டிங்கில் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. பொடி ஒன்று மேலே கொட்டிக்கொண்டே இருக்க, அதற்கு அடியில் ஒளிந்துகொண்டு எரிகிறது மின்வில். பின்னால் வருபவர் சுத்தியலால் லேசாகத் தட்ட, கசடு தானாக உரிந்து, மீன் செதில் அடுக்கியதுபோல வழவழப்பான தையல் வெளிப்படும். அந்த ஒரு நொடிக்காகவே அங்கே மணிக்கணக்கில் நிற்கலாம்!

கேனோடு கேன் சேர்ந்து கால். காலோடு கால் சேர்க்கக் குறுக்குக் குழாய்கள். இங்கேதான் விளையாட்டு சூடு பிடிக்கிறது.

45 டிகிரிச் சாய்வில் ஒரு பரீட்சை

ஒரு குழாயின் நுனி இன்னொரு குழாயின் வயிற்றில் சாய்வாகப் போய் ஒட்ட வேண்டும் என்றால், நுனியை நேராக வெட்டினால் பொருந்தாது. மீன் வாயைப் பிளந்ததுபோல வளைத்து வெட்ட வேண்டும். வெட்டின் சாய்வு ஒவ்வொரு அங்குலத்துக்கும் மாறிக்கொண்டே போகும். முன்பு இதைக் காகித அச்சு வெட்டிக் குழாயில் சுற்றி, சாக்பீஸால் கோடு போட்டுச் செய்தார்கள். இப்போது கணினி சொல்ல, எந்திரம் வெட்டுகிறது. டி, ஒய், கே என்று ஆங்கில எழுத்துகளின் வடிவில் குழாய்கள் கூடும் இந்த முடிச்சுகள்தான் ஜாக்கெட்டின் உயிர்நிலை. வருடத்தில் பல லட்சம் முறை அலை வந்து மோதும். ஒவ்வொரு மோதலின் வலியும் கடைசியில் போய்ச் சேருவது இந்த முடிச்சுக்குத்தான்.

அதனால் முடிச்சில் கைவைக்க எல்லா வெல்டருக்கும் அனுமதி கிடையாது. தனிப் பரீட்சை உண்டு. பெயர் சிக்ஸ் ஜி ஆர். ஒரு குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பூட்டிவிடுவார்கள். வெல்டு விழ வேண்டிய இடத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் ஒரு இரும்பு வளையத்தைக் குறுக்கே வைத்துவிடுவார்கள். கை வசதியாகப் போகக்கூடாது என்பதற்காகவே! குழாயைத் திருப்பக்கூடாது. வெல்டர்தான் குனிந்து, நிமிர்ந்து, மல்லாந்து சுற்றி வர வேண்டும். முடிந்ததும் அந்தத் துண்டை அறுத்து, பட்டையாக்கி, யூ வடிவத்துக்கு வளைப்பார்கள். வளைந்த முதுகில் விரிசல் தெரிந்தால், திரும்பப் பழகிவிட்டுத்தான் வரவேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு ஒரு தாய்வீடு உண்டு: திருச்சி. 1960களில் திருவெறும்பூரில் பி.எச்.இ.எல். (பெல்) கொதிகலன் ஆலை வந்தது. அதைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. கொதிகலனுக்குப் பழகிய கை கடல் மேடைக்கும் பழகுவதற்கு அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூர் யார்டிலோ, அபுதாபியிலோ, ஜுபைலிலோ வெல்டராகவும் ஃபிட்டராகவும் இருந்து வந்த ஒரு மாமா, ஒரு சித்தப்பா நிச்சயம் இருப்பார். உலகத்தின் எத்தனையோ கடல் மேடைகளின் உடம்பில் நம் ஊர்க் கைகளின் தையல் இருக்கிறது. நினைத்தாலே சிலிர்க்கிறது!

இன்னொரு அருமையான விஷயம். வெல்டு முடிந்ததும் வெல்டர் பக்கத்திலேயே தன் எண்ணை எழுதுகிறார். அது பதிவேட்டிலும் வரைபடத்திலும் ஏறுகிறது. பத்தாயிரக்கணக்கான இணைப்புகளில் எதைக் கேட்டாலும், யார் கை, எந்தத் தகடு, எந்த ராடு, என்றைக்கு என்று சொல்லிவிடலாம். சிற்பி பெயர் தெரியாத கோயில் தூண்கள் நம்மிடம் ஏராளம். இங்கே ஒவ்வொரு தையலுக்கும் பெயர் இருக்கிறது.

ஈரம் என்ற எதிரி, இரவு என்ற ஆய்வகம்

காட்டுப்பள்ளிக் காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் இருக்கும். வெல்டிங் ராடின் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் ஆபத்து. ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உருகிய எஃகுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். எல்லாம் ஆறி, பளபளவென்று அழகாகத் தெரியும். மணிக்கணக்கில் கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில், உள்ளே மெல்ல விரிசல் விடும். அதனால் ராடுகளை 300 டிகிரிக்கு மேல் வறுத்தெடுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்தே வெல்டர் தோளில் சுமந்து போகிறார். தடித்த எஃகை முதலில் சூடேற்றிவிட்டுத்தான் வில்லைத் தொடங்குகிறார்.

எல்லாம் முடிந்தாலும் முக்கியமான முடிச்சை உடனே சோதிப்பதில்லை. 48 மணி நேரம் சும்மா விட்டுவிடுகிறார்கள்! அவசரமான திட்டத்தில், ஒவ்வொரு நாளுக்கும் பணம் ஓடும் இடத்தில், இரண்டு முழு நாள் காத்திருப்பதும் வேலையின் பகுதி. ஒளிந்திருக்கும் விரிசல் வெளிவருவதென்றால் வந்துவிடட்டும் என்ற காத்திருப்பு. பிறகு மீயொலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் படிக்கிறார்கள்.

குழாய் இணைப்புகளைக் கதிர்வீச்சில் படம் பிடிக்கும் வேலை பெரும்பாலும் இரவில். எல்லோரும் வெளியேறிய பிறகு, எச்சரிக்கை நாடா கட்டி, விளக்கு சுழலவிட்டு, நான்கைந்து பேர் மட்டும். காலையில் ஃபிலிம் கழுவி வரும். விளக்குப் பெட்டியின் முன் நிற்கும் ஆய்வாளரின் உதட்டையே ஃபோர்மேன் பார்த்துக்கொண்டிருப்பார். "கிளியர்" என்ற ஒரே சொல். அந்த நாள் முழுதும் அந்தக் குழுவின் டீ இன்னும் கொஞ்சம் இனிக்கும்!

வெயில் வருவதற்குள் அளந்துவிடு

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரிய அளவுகளை யார்டில் சூரியன் உதிக்கும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். ஏன்? எஃகு வெயிலில் வளர்கிறது! 50 மீட்டர் நீளக் கால் பத்து டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீள்கிறது. மேல் பக்கம் சுட்டு, அடிப் பக்கம் நிழலில் குளிர்ந்திருந்தால், கால் கண்ணுக்குத் தெரியாமல் வில்லாக வளைந்தே போகிறது. ஜாக்கெட் ஒரு யார்டிலும், அதன் தலையில் உட்காரப் போகும் டெக் இன்னொரு யார்டிலும் செய்யப்படலாம். இரண்டும் முதல்முறையாகச் சந்திப்பது நடுக்கடலில், கிரேன் கொக்கியில் தொங்கியபடி. அங்கே போய் ஒரு கால் பொருந்தவில்லை என்றால் தேய்த்துச் சரிசெய்ய நேரம் ஏது? அதனால் விடியற்காலை இருட்டில், டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் கண்ணில் வைத்து, மில்லிமீட்டர்களைக் கூப்பிட்டுச் சொல்லும் குரல்கள். சேவல் கூவும் நேரத்தில் ஒரு யார்டு இப்படித்தான் விழிக்கிறது.

எரிவாயுவுக்கு ஒரு வீடு

இப்போது டெக் மேலே ஏறுவோம். படிகள் செங்குத்து, கைப்பிடியை விடாதீர்கள். கிணற்றிலிருந்து வருவது நம் அடுப்புக்கு வரும் சுத்தமான வாயு இல்லை. தண்ணீர், திரவ எண்ணெய், கரியமில வாயு, சில வயல்களில் நச்சான ஹைட்ரஜன் சல்ஃபைடு, எல்லாம் கலந்து சீறிக்கொண்டு வரும். முதலில் செப்பரேட்டர் என்ற பெரிய கொள்கலம் வாயுவையும் திரவத்தையும் பிரிக்கிறது. பிறகு கிளைக்கால் என்ற திரவம் வாயுவில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. ஈரம் போகாவிட்டால், அழுத்தத்திலும் குளிரிலும் தண்ணீரும் வாயுவும் கைகோத்து ஐஸ் கட்டி போன்ற ஒன்றாக உறைந்து குழாயையே அடைத்துவிடும்.

இந்த அரிக்கும் கலவையைச் சுமக்கும் குழாய்களில் பல ஸ்டெயின்லெஸ், டூப்ளெக்ஸ் வகை எஃகு. அவற்றுக்குத் தனி ஷெட், தனி பிரஷ், தனி கிரைண்டிங் வீல். சாதாரண எஃகைத் தொட்ட வீல் இதைத் தொட்டால், ஒட்டிய துகளிலிருந்து துரு தொடங்கிவிடும். பூஜை அறைப் பாத்திரத்தைப்போல அத்தனை ஆசாரம்! எல்லாம் பூட்டிய பிறகு தண்ணீர் நிரப்பி, வடிவமைத்த அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். அளவுமானியின் முள் அசையாமல் நிற்கும் அந்த நிமிடங்களில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

முதலில் எல்லாமே இரவல்தான்

இதெல்லாம் இங்கே எப்படி வந்தது? 1974-இல் மும்பை ஹை எண்ணெய் வயலைக் கண்டுபிடித்த சாகர் சாம்ராட் துளைமேடை ஜப்பானில் கட்டப்பட்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. அதே வருடம் பசீன் எரிவாயு வயலும் தெரியவந்தது. அந்த ஆரம்பக் காலத்தில் வரைபடமும் எஃகும் மேடையும் அதை நிறுத்தும் கப்பலும் வெளியிலிருந்து வந்தன. வேடிக்கை பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1965-இல் பிறந்த இன்ஜினியர்ஸ் இந்தியா நிறுவனம் மேடை வடிவமைப்புக்குள் நுழைந்தது. போர்க்கப்பல் கட்டிய மஸகான் டாக், கிணற்று மேடைகளைக் கட்டத் தொடங்கியது. ஓ.என்.ஜி.சி. 1983-இல் பன்வேலில் கடல் பொறியியலுக்கென்று ஒரு நிறுவனத்தையே தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை உருவாகி, செயற்கை அலையில் மாதிரிகளை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தது. பசீன் வாயு ஹசீராவில் கரையேறி, அங்கிருந்து விஜய்பூர், ஜகதீஷ்பூர் என்று குழாய்வழி வடக்கே போய் உரமாகி வயலில் விழுந்தது.

இது ஒரு ஏணி. முதல் படி, பிறர் வரைந்ததைப் பார்த்து வெட்டி ஒட்டுவது. அடுத்தது, ஒவ்வொரு போல்ட்டுக்கும் நாமே வரைபடம் போடுவது. அதற்கும் மேலே, என்ன கட்ட வேண்டும் என்பதையே நாம் தீர்மானித்து, வாங்கி, கட்டி, கடலில் நிறுத்தி ஒப்படைப்பது. இன்று சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து மெக்டெர்மாட், சைபெம், டெக்னிப், பெட்ரோஃபாக் என்று எத்தனையோ நிறுவனங்களுக்காக உலகக் கடல்களின் மேடைகளுக்குக் கணக்குப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் புயலலையைக் கணினியில் எழுப்பி, மோதவிட்டு, எந்த முடிச்சு முனகுகிறது என்று பார்க்கிறார்கள். 2016-இல் சவுதியின் ஹஸ்பா கடல் எரிவாயு வயல் வேலை எல் அண்ட் டி இருந்த கூட்டணிக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் நாம் மேடை வாங்கினோம். இப்போது மேடை கட்டித் தரச் சொல்லி நம்மிடம் வருகிறார்கள்!

ஏணியில் இன்னும் ஏறாத படிகளும் உண்டு. பெரிய டர்பைன்களும் கம்ப்ரஸர்களும் சில விசேஷ வால்வுகளும் இன்னும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. உள்ளூர்ப் பங்கு அதிகமுள்ள நிறுவனத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்தியப் பெட்ரோலிய அமைச்சகம் 2017-இல் கொண்டுவந்தது. நைஜீரியா 2010-இல் இதற்கென்று சட்டமே போட்டது. நார்வே 1969-இல் எகோஃபிஸ்க் வயலைக் கண்டபோது கப்பலும் மீன்பிடியும் தெரிந்த நாடு. தன் கப்பல் பட்டறைகளையே மேடைப் பட்டறைகளாக்கிக்கொண்டு வளர்ந்தது. சட்டமும் கொள்கையும் யார்டுக்கு வேலையைக் கொண்டுவரும். கைக்கு வித்தையைக் கொண்டுவருவது அடுத்தடுத்து வரும் வேலைதான். ஒரு மேடை முடிந்து அடுத்தது வர மூன்று வருடம் இடைவெளி விழுந்தால், சிக்ஸ் ஜி ஆர் வெல்டர் காத்திருக்க மாட்டார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டுமே! அவர் விமானம் ஏறிவிடுவார். அவரோடு இருபது வருடக் கைப்பழக்கமும் ஏறிப் போய்விடும். கிரேனைப் பூட்டி வைக்கலாம், துருப்பிடித்தாலும் அங்கேயே இருக்கும். கையைப் பூட்டி வைக்க முடியாது. இதை நம் திட்டம் போடுபவர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓதத்தோடு ஒரு நடனம்

இப்போது உச்சக்கட்டம்: லோட்-அவுட், அதாவது கரையிலிருந்து பார்ஜுக்கு ஏற்றுவது! முதலில் எடை பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான டன் உருவத்தை ஜாக்கிகளில் சில மில்லிமீட்டர் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, எடை எவ்வளவு, பாரத்தின் மையம் எங்கே என்று பலமுறை சரிபார்க்கிறார்கள். காப்பீட்டாளர் சார்பில் வரும் கடல் ஆய்வாளர் ஒவ்வொரு கணக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைத் திறக்கும் வரை ஒரு அங்குலம் நகராது.

கரை ஓரத்தில் தட்டையான பார்ஜ் அணைந்து நிற்கிறது. ஜாக்கெட் ஸ்கிட்வே பாதையில், ஹைட்ராலிக் இழுவையில், நத்தை வேகத்தில் நகர்கிறது. முதல் கால் பார்ஜின் விளிம்பைத் தொடும் நொடியில் பார்ஜ் அமிழப் பார்க்கும். அமிழவிடக்கூடாது! ஏறும் பாரத்துக்கு ஈடாக பார்ஜின் வயிற்றிலிருந்து தண்ணீரைப் பம்புகள் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரம் கடலின் ஓதமும் மாறிக்கொண்டிருக்கும். சென்னைக் கரையில் ஓத ஏற்றம் ஒரு மீட்டர் அளவுதான். ஹசீரா இருக்கும் காம்பே வளைகுடாப் பக்கம் அது பல மீட்டர். அங்கே கடல் வந்து போகும் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். கரையும் பார்ஜும் ஒரே மட்டத்தில் நிற்க, பம்ப் இயக்குபவரும் இழுவை இயக்குபவரும் வாக்கி டாக்கியில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டே... அடடா, அடடா! பார்க்கிறவர்கள் மூச்சுவிட மறந்துபோகிறார்கள்.

பிறகு ஜாக்கெட்டைப் பார்ஜோடு வெல்டு வைத்துக் கட்டி, இழுவைப் படகு இழுக்க, சங்கொலியோடு பயணம். மேற்குக் கடற்கரை என்றால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் நிறுத்தியாக வேண்டும். வங்கக் கடல் என்றால் புயல் மாதங்களுக்குக் கண்விழித்திருக்க வேண்டும். நிற்கும் இடத்துக்குப் போனதும் அதைத் தண்ணீரில் இறக்கி, கால்களுக்குள் அளவாக நீரை விட்டு மெல்ல நிமிர்த்துகிறார்கள். மல்லாந்து கிடந்த கோபுரம் எழுந்து நிற்கிறது! கால்கள் வழியே ராட்சத ஆணிகளைக் கடலடியில் அடித்துக் கட்டுகிறார்கள். டெக்கைக் கிரேன் கப்பல் தூக்கி வைக்கிறது. எல் அண்ட் டி-யும் மலேசியாவின் சபுராவும் சேர்ந்து கொண்டுவந்த எல்.டி.எஸ். 3000 கப்பல் இந்த வகைதான்.

எண் மட்டும் தெரியும்

கோபுரம் போன மறுநாள் யார்டு வெறிச்சோடிக் கிடக்கும். ஸ்கிட்வேயில் கிரீஸ் கறை மட்டும். மாதக்கணக்கில் நிழல் விழுந்த இடத்தில் திடீரென்று வெயில். போன மேடை திரும்பி வரப்போவதில்லை. அதைக் கட்டியவர்களில் பெரும்பாலானோர் அது கடலில் நிற்பதை நேரில் பார்க்கப்போவதும் இல்லை. அவர்கள் எழுதிய எண்கள் பெயின்ட்டுக்கு அடியில், அலைக்கு அடியில், இருபத்தைந்து வருட வாழ்வுக்குக் கணக்குப் போட்ட எஃகின் மேல் இருக்கின்றன.

ஆனால் பயிற்சிக் கூடத்துக்கு வாருங்கள், அங்கே வில் எரிகிறது! ஐ.டி.ஐ. முடித்து வந்த ஒரு பையன், 45 டிகிரி சாய்ந்த குழாய்க்குக் கீழே கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் நரைமீசைக்காரர் ஒருவர். "அவசரப்படாதே தம்பி, ரூட் நல்லா இறங்கட்டும்... கையை நிறுத்தாதே... ஆங், அப்படித்தான்." துண்டு ஆறுகிறது. அறுக்கிறார்கள். பட்டையை அழுத்திக்குள் வைத்து வளைக்கிறார்கள். யூ வடிவம். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, அந்த வளைந்த முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

விரிசல் இல்லை.

பெரியவர் பதிவேட்டைத் திறந்து ஒரு புதிய எண்ணை எழுதுகிறார்.